மாகென் என்றால் வயிறு அல்ல

எங்கள் அலுவலகச் சமையலறையில் ஒரே ஒரு மைக்ரோவேவ் அடுப்புதான். மதியம் அதன் முன்னால் சின்ன வரிசை ஒன்று நிற்கும். இந்த ஜெர்மன் ஊருக்கு நான் வந்த புதிதில், எலுமிச்சை சாத டப்பாவோடு அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பிர்கிட். என் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவள். கட்டம் போட்ட துணிப்பை ஒன்றை அடுப்புக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். ரொட்டியைத் துணியில் கட்டிச் சூடு பண்ணுவது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்தது. அவள் பையை வெளியே எடுத்ததும், மொழி வகுப்பில் படித்த மரியாதையைக் காட்ட இதுதான் சமயமென்று, "குட்டன் அப்பெட்டிட்!" என்றேன். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். பிர்கிட் என்னைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பையைச் சட்டைக்கு மேலாக அடிவயிற்றில் வைத்துப் பேன்ட் இடுப்புக்குள் செருகிக்கொண்டாள். உள்ளே இருந்தவை செர்ரிப் பழக் கொட்டைகள். மாதவிலக்கு வலிக்கு ஒத்தடமாம். இதை அவள் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினாள். பக்கத்தில் எங்கள் பிரிவுத் தலைவர், நரைத்த மனிதர், காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் "சீக்கிரம் குணமாகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையைத் தேடினார். அவ்வளவுதான். அந்த அறையில் வெட்கப்பட்டது நான் ஒருத்திதான்.

ஏன் வெட்கப்பட்டேன் என்று புரிய வேண்டுமானால் எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் ஒரு முறை வந்து பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் எந்தத் திருப்பத்திலும் ஒரு பேனர் இருக்கும். மஞ்சள் நீராட்டு விழா. நடுவில் கிரீடம் வைத்த சின்னப் பெண், பின்னால் மயில், நான்கு மூலையிலும் கட்சிக்காரர்கள், கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள். செவிலிமேட்டில் எங்கள் தெருவில் எனக்கும் வைத்தார்கள். அப்பாவின் பஞ்சர் கடை நண்பர்கள் சேர்ந்து வைத்த பேனரில் நான் தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று பஸ் ஸ்டாண்டு வரை தட்டி கட்டிச் சொல்லுகிற ஊர், அடுத்த மாதத்திலிருந்து அந்த விஷயத்துக்குப் பேரே இல்லாமல் செய்துவிடும். தூரம், ஒதுக்கம், தலைக்குக் குளிக்கணும், அது. வலி வந்தால் அதற்கும் ஒரே பேர்தான், வயித்து வலி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று எங்கள் ஊரைக் கேட்டால் செய்முறையோடு சொல்லிக் கொடுக்கும்.

என் வலி அந்தத் தாமரைப் பூவிலிருந்து இறங்கிய சில மாதங்களிலேயே தொடங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல இருக்கும். பிழிந்து முடித்தாயிற்று என்று நினைக்கும்போது இன்னும் ஒரு முறுக்கு. இடுப்பு, தொடை, முதுகு என்று இறங்கும், ஏறும். வாந்தி வரும். கழிவறைக்குப் போனால் உயிர் போகும். பள்ளியில் ஒரு நாள் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தேன். ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா பட்டுப் புடவை முந்தானைக்குக் குச்சு கட்டுகிறவள். மடியில் புடவையும் விரலில் நூலுமாக உட்கார்ந்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் வர்றதுதானடி. உனக்கு மட்டும் இன்னா அதிசயமா வந்துட்டுது?"

வெந்தயம் தந்தாள், மோரில் பெருங்காயம் கரைத்துத் தந்தாள், பாயைத் தனியாகப் போட்டாள். எங்கள் வீடு சர்ச்சுக்குப் போகிற வீடு. ஆனால் தீட்டு விஷயத்தில் மட்டும் அம்மா எல்லா மதத்துக்கும் பொதுவானவள். பிறகு ஊரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை என்றார், கல்யாணம் ஆனால் குறையும், ஒரு குழந்தை பிறந்தால் சுத்தமாகப் போய்விடும் என்றார். மாப்பிள்ளையை மாத்திரைச் சீட்டில் எழுதித் தருகிற வைத்தியத்தை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். அந்த ஸ்கேனுக்குப் பிறகு வீட்டில் என் வாய் அடைபட்டுப் போனது. அடுத்த மாதம் நான் சுருண்டு கிடந்தபோது அம்மா சொன்னாள், "ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்குடி நடிக்கிறே?"

அந்த ஒரு வார்த்தைதான். நடிக்கிறே. வலியைக்கூட நான் ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை என்னால் செரிக்க முடியவில்லை. ஊரார் நம்பாவிட்டால் போகட்டும், டாக்டர் நம்பாவிட்டால் போகட்டும், என்னைப் பெற்றவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமாம் உனக்கு வலிக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பதிமூன்று வயதில் எனக்கு வந்த ஆசை இது. அதற்குப் பிறகு வேலை, சம்பளம், விமானம் என்று எத்தனையோ வந்தன. இந்த ஆசை மட்டும் இடத்தை விட்டு நகரவே இல்லை.

படித்து முடித்ததும் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். மாதாமாதம் லீவு போட நேரும். காரணம் கேட்டால் வயித்து வலி என்பேன். மேலாளர் நல்லவர், வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள் ரூபி, பானிபூரி சாப்பிடாதே என்று அறிவுரை சொல்வார். சக ஊழியர்கள் என்னைப் பானிபூரி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஜென்மத்தில் பானிபூரி சாப்பிட்டதில்லை. அந்தக் கம்பெனியின் தாய்வீடு ஜெர்மனி. அங்கே ஒரு இடம் காலி என்றதும் விண்ணப்பித்தேன், கிடைத்தது. குளிர் கொன்றுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். எனக்குக் குளிரைப் பற்றிக் கவலையே இல்லை. வெந்நீர்ப் பை கிடைக்கும் ஊர் எதுவானாலும் சரி என்றுதான் பெட்டியைக் கட்டினேன்.

இங்கே வந்தும் வலி வந்தது. அது விசா கேட்கவில்லை. பொது மருத்துவரிடம் போவதற்கு முன்னால் போனில் அகராதியைத் தட்டினேன். வயிறு என்று போட்டால் மாகென் என்று வந்தது. மருத்துவர் என் அப்பா வயது ஆண். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். "மாகென்" என்றேன். எங்கே, காட்டுங்கள் என்றார். கையைக் கீழே கொண்டுபோக எனக்குக் கூசியது. அப்பா வயது மனிதர் முன்னால் அங்கேயெல்லாம் தொட்டுக் காட்டுவதாவது! கை நெஞ்சுக்குக் கீழே, விலா முடிகிற இடத்தில் போய் நின்றுகொண்டது. என் நாக்கு சொன்ன பொய்க்கு என் கை சாட்சி சொன்னது. அவர் புரிந்துகொண்டவராகத் தலையாட்டி, காரம் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். காஞ்சிபுரத்துக்காரியிடம் இது என்ன கேள்வி? சாப்பிடுவேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார். அமிலத்துக்கு மாத்திரை எழுதினார், மிளகாயை நிறுத்தச் சொன்னார்.

நிறுத்தினேன். ஒரு குளிர்காலம் முழுக்க வேகவைத்த உருளைக்கிழங்கும் தயிரும் தின்றேன். அம்மா வீடியோவில் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, பத்தியக்காரி மாதிரி" என்றாள். வலி குறையவில்லை என்று மறுபடி போனதும், குடல் நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். நான் மயக்கம் தெளிந்து எழுந்ததும், அவர் மகிழ்ச்சியோடு என்னைத் தம் கணினி முன்னால் உட்காரவைத்து, என் இரைப்பையின் வண்ணப் படங்களைக் காட்டினார். "உங்கள் மாகென் மிக அழகாக இருக்கிறது!" என்றார். தம் வாழ்நாளில் இத்தனை சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னிடம் அழகு என்ற சொல்லைச் சொன்னதில்லை. நான் அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் பிர்கிட் கேட்டாள், என்ன ஆயிற்று என்று. மாகென் அழகாக இருக்கிறதாம், எனக்குத்தான் பைத்தியம் என்றேன். அவள் விடவில்லை. சரி, எங்கே வலிக்கிறது, காட்டு என்றாள். அவள் பெண் என்பதால் கை உண்மையான இடத்துக்குப் போனது. அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "அது மாகென் இல்லை, ரூபி! அது உன்டர்லைப்!" இரைப்பைக்கு மாகென், தொப்பைக்கு வேறொரு சொல், கருப்பை இருக்கும் அடிவயிற்றுக்குத் தனியாக உன்டர்லைப். இந்த ஜனங்கள் உடம்பைப் பட்டா நிலம்போல அளந்து தனித்தனியாகப் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கோ நெஞ்செலும்பு முடிகிற இடத்திலிருந்து தொடை தொடங்குகிற இடம்வரை எல்லாமே வயிறு. பசிப்பதும் வயிறு, பிள்ளை பெறுவதும் வயிறு, பயந்தால் கலங்குவதும் வயிறு, அடுத்த வீட்டுக்காரி புது வண்டி வாங்கினால் எரிவதும் வயிறு. தமிழைக் குறை சொல்லவில்லை. அடிவயிறு, கருப்பை, சினைப்பை எல்லாம் தமிழில் இருக்கின்றன, பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றை வாயில் போட்டுக்கொள்ளத்தான் நமக்கு யாரும் அனுமதி தரவில்லை. அந்த ஒரு கூச்சத்தை நான் கடல் தாண்டிச் சுமந்துவந்தேன், அது போய் என் தொண்டைக்குள் குழாயாக இறங்கியது.

பிர்கிட் தன் மகளிர் மருத்துவரிடமே எனக்கு நேரம் வாங்கித் தந்தாள். அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் என்னைத் திகைக்க வைத்தன. மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, அந்த நாட்களில் மட்டும் அதிகமா, தொடைக்குள் இறங்குகிறதா, உட்கார முடிகிறதா. நான் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவர் ஏற்கனவே தெரிந்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பதுபோல இருந்தது. கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, "இஹ் கிளௌபெ ஈனென்" என்றார். கிளௌபெ என்ற சொல் எனக்கு இங்கே சர்ச்சில் பழக்கம். விசுவாசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்லுகிற சொல். மதத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாம், நான் கிறிஸ்தவள்தான்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, மறுபடி சொன்னார். நான் உங்களை நம்புகிறேன். கடவுளுக்கு மட்டும்தான் அந்த வினைச்சொல் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது என் பக்கம் திரும்பியபோது அழுகை வந்துவிட்டது. அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

வியாதிக்குப் பேர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்பக்கம் படர்ந்திருக்கும் மெல்லிய சதையைப் போன்ற ஒன்று, வெளியே, சினைப்பையிலும் குடல்மேலும் முளைத்துவிடுகிறது. மாதாமாதம் அங்கேயும் ரணமாகிறது. ரணம் ஆறி ஆறி உறுப்புகளை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துவிடுகிறது. சாதாரண ஸ்கேனில் பல சமயம் தெரியாது. எனக்குச் சிறு துளைகள் போட்டு அறுவை சிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அறுவை மருத்துவர் கட்டிலருகில் வந்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, எதிர்பார்த்ததைவிட நிறைய இருந்தது என்றார். "நிறையவா?" என்று கேட்டேன். "மிக நிறைய." நான் வாய் கொள்ளாமல் சிரித்தேன். மொழி புரியவில்லை போலும் என்று அவர் இன்னும் நிதானமாக, கையால் அளவு காட்டி, மறுபடி சொன்னார். எனக்குப் புரிந்துதான் இருந்தது. நிறைய இருந்திருக்கிறது. ஆகவே நான் நடிக்கவில்லை. வியாதி உறுதியானதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஒருத்தியை அந்த மனிதர் பார்த்திருக்க மாட்டார்.

இத்தனையும் ஆனபிறகு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் குரலைக் கேட்டதும் நாக்கு பழைய தடத்தில் ஓடிவிட்டது. "வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன்மா" என்றேன். அம்மா அதைக் குடல்வால் என்று தீர்மானித்துவிட்டாள். அன்று மாலைக்குள் செவிலிமேட்டில் எங்கள் தெரு முழுக்க ரூபிக்குக் குடல்வால் எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் குடல்வாலுக்காக ஜெபமும் நடந்தது. இருக்கிற குடல்வாலுக்கு ஊரே ஜெபித்ததால்தானோ என்னவோ, அது இன்றுவரை எனக்கு நல்ல நிலையில் இருக்கிறது.

அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதினால் அது புளுகு. தினமும் மாத்திரை, இடுப்புத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, சில மாதங்களில் படுத்தே கிடக்கும் நாட்கள் எல்லாம் இன்னும் உண்டு. இது அடியோடு போகிற வியாதி இல்லை. ஆனால் முன்பு வலிக்கும்போது கூடவே ஒரு சந்தேகமும் வலித்துக்கொண்டிருக்கும், ஒருவேளை நான்தான் தாங்கத் தெரியாதவளோ என்று. அந்த இரண்டாவது வலி போய்விட்டது. பாதிச் சுமை இறங்கியதற்குச் சமம்.

போன கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அண்ணன் மகள் ஜெனிக்கு மஞ்சள் நீராட்டு விழா. செவிலிமேட்டில் மண்டபம், வாசலில் பேனர், அதில் தாமரைக்குப் பதிலாக இப்போது பட்டாம்பூச்சி இறக்கை. வந்தவர்கள் எல்லோரும் என் குடல்வாலை விசாரித்தார்கள். பெரியம்மா ஒருபடி மேலே போய், தன் புடவையை ஒதுக்கித் தன் குடல்வால் தழும்பைக் காட்டி, "உனக்கும் இந்தப் பக்கந்தானே?" என்று கேட்டாள். அத்தை என்ற முறையில் நான்தான் ஆலத்தி சுற்ற வேண்டும். பயணத்தில் நேரம் மாறி மாத்திரை தவறிப்போனதோ என்னவோ, பட்டுப் புடவை கட்டி முடித்த நேரத்தில் எனக்கு வந்துவிட்டது. கூடவே அதுவும் வந்தது, அந்த ஈரத்துணி முறுக்கு. மணமகள் அறையில் கட்டில் ஓரத்தில் சுருண்டு உட்கார்ந்தேன். அம்மா உள்ளே வந்தாள்.

"இன்னாடி, தூரமா?"

"ஆமாம்மா."

"அப்ப ஆலத்தித் தட்டத் தொடாதே. அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன். யாரு கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லு. குடல்வால் எடுத்த எடம் வலிக்குதுன்னு சொல்லிடு."

வெளியே மைக்கில், ஜெனி வயதுக்கு வந்ததை வாழ்த்த வந்திருக்கும் அன்பு உள்ளங்களை வருக வருக என்று வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். வயதுக்கு வந்ததைக் கொண்டாடுகிற மண்டபத்துக்குள், வயதுக்கு வந்த ஒருத்தி தட்டைத் தொடக் கூடாது. எனக்கு வந்த கோபத்தில் வலிகூட ஒரு நிமிடம் பின்னால் போய் நின்றது.

"அம்மா, என் குடல்வால் உள்ளதான் பத்திரமா இருக்குது. எடுத்தது வேற. இந்த வயித்து வலின்னு சொல்லிச் சொல்லியே அங்க என் தொண்டையில குழாய வுட்டாங்க" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பை என்று சொன்னேன், சினைப்பை என்று சொன்னேன், கதவைச் சாத்தக்கூட இல்லை. ஒட்டிக்கொள்கிற விஷயத்தை மட்டும் அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது. "நீ முந்தானை நூல முடிச்சுப் போடுற இல்ல, அந்த மாதிரி உள்ள அதுவா முடிச்சு போட்டுக்கினு இருந்துதும்மா."

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "முடிச்சு இறுகிட்டா அவுக்க முடியாதே. வெட்டத்தானே செய்யணும்."

"வெட்டித்தான் எடுத்தாங்க."

அம்மா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு, கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள், "வெளிக்குப் போறப்ப கத்தி வெச்சுக் கீறுறாப்பல இருக்குமா?"

இதை நான் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை. "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

"எனக்கு இருந்துதேடி. உன்னப் பெத்தப்புறமும் இருந்துது. நிக்கிற வரைக்கும் இருந்துது. அந்த வலியோடதான் குச்சு கட்டினேன், ஆக்கிப் போட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கினு இருந்தேன். நான் தாங்கிக்கிறேன், இவ ஏன் தாங்க மாட்டேங்கிறான்னுதான் உம்மேல எனக்குக் கோவம்."  முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நீ நடிக்கலடி. நாந்தான் தெரியாம இருந்துட்டேன்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அம்மாவுக்கு வந்தும் தெரியவில்லை. அதற்குப் பேர் வைக்காமல் விட்டால் அப்படித்தான். நான் அவள் தோளில் சாய்ந்து அழுதேன். ஜெர்மன் மருத்துவர் நம்பியபோது வந்த அழுகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது பதிமூன்று வயதுப் பெண்ணின் அழுகை.

அம்மா அதிக நேரம் அழுகிற ரகம் இல்லை. மாத்திரையைத் தந்து, விழுங்கும்வரை நின்று, கொஞ்சம் வலி அடங்கியதும் என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனாள். போனவள் ஆலத்தித் தட்டை அண்ணி கையிலிருந்து வாங்கி என் கையில் வைத்தாள். அண்ணி விழித்தாள். முதல் வரிசையிலிருந்து பெரியம்மா அம்மாவைப் பார்த்து, "இன்னாடி லில்லி, பொண்ணு மூஞ்சி வெளுத்துக்கினு இருக்குது? குடல்வாலா?" என்று கேட்டாள்.

"குடல்வாலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா. "அவ தூரம். அவளுக்குக் கர்ப்பப்பை வியாதி. எண்டோமேட்ரின்னு பேரு. அங்க ஆபரேஷன் பண்ணாங்க. எனக்கும் அதான் இருந்துது, பேரு தெரியாமலே முப்பது வருசம் ஓட்டிட்டேன்."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது, வரவேற்புரை படித்தவர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், அம்மா அதற்கு நேர் எதிரில் நிற்கிறாள். அவள் சொன்னது சாப்பாட்டுக் கூடம், சமையல்கட்டு, வாசல் பேனர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மைக்செட்காரர் ஓரத்திலிருந்து பதறிக்கொண்டு, "யம்மா, மைக் ஆன்ல இருக்குதும்மா" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.  அவள் சொன்னாள், "இருக்கட்டும்பா. ஊருக்கே பேனர் வெச்சாச்சு, இதுல இன்னா?"

முதலில் சிரித்தது ஜெனி. பிறகு பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு பரவியது. ஆண்கள் பக்கம் எல்லோரும் திடீரென்று தங்கள் போன்களில் மும்முரமானார்கள். நான் ஆலத்தியைச் சுற்றினேன், ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றினேன். வலி இருந்தது. என் வாழ்க்கையில் அத்தனை நிமிர்ந்து நான் ஒரு மேடையில் நின்றதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் இலையைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். வாலாஜாபாத்திலிருந்து வந்த ஒருத்தி, தன் மகள் கல்லூரியில் மாதம் சில நாள் எழுந்திருக்கவே மாட்டாள் என்றாள். இன்னொருத்தி தனக்கே என்றாள், புருஷனிடம்கூடச் சொன்னதில்லை என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வயித்து வலி என்று சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள், கையை வைத்துக் காட்டுங்கள், ஸ்கேனில் இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை, ஒரு டாக்டர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். பாயசம் ஆறிப்போனது, யாரும் கவலைப்படவில்லை.

திரும்பி வந்த பிறகு, வலி வரும் நாட்களில் அம்மா வீடியோவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். இங்கே மதியம், அங்கே பொழுது சாய்கிற நேரம். நூல் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்குக் குச்சு கட்டுவாள். நான் படுத்துக் கிடப்பேன். "விட்டுச்சா?" என்பாள். "இல்லம்மா" என்பேன். "சரி" என்பாள். வெந்தயம் சொல்வதில்லை, மோர் சொல்வதில்லை. அந்தச் சரி என்கிற ஒரு சொல்லுக்காகவே நான் சில சமயம் போனை வைக்காமல் இருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அப்படிக் கிடந்தபோது அழைப்பு மணி அடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். பக்கத்துக் குடியிருப்பில் தனியாக வசிக்கும் திருமதி கெல்லர், கையில் மூடி போட்ட பாத்திரத்தில் சூப். மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். நம் சுவர் மெல்லிசு, வருஷக் கணக்காக நீங்கள் யாரையோ கூப்பிடுவது கேட்கிறது, அம்மா, அம்மா என்று. அந்தப் பெண் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. எனக்கு அவள்மேல் கோபமாக இருந்தது. இப்போது கொஞ்ச நாளாக இன்னொரு குரல் கேட்கிறது. வந்துவிட்டாளா?

வலி வந்தால் எங்கள் ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், அது யாரும் பதில் சொல்வதற்காக இல்லை என்று விளக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் பின்னாலிருந்து, கட்டில்மேல் கிடந்த போனிலிருந்து, சத்தமாகக் குரல் வந்தது. "யாருடி அது, வாசல்ல?"

திருமதி கெல்லரின் முகம் மலர்ந்தது. "அம்மா!" என்றார் என்னிடம், விரலை உயர்த்தி.

"ஆமாம், வந்துவிட்டார்" என்று அவரிடம் ஜெர்மனில் சொன்னேன். உள்ளே திரும்பி, "பக்கத்து வூட்டம்மா" என்று அம்மாவுக்குக் குரல் கொடுத்தேன்.

அதில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல், அம்மா, காதில் விழுந்துவிட்டது. சூப் பாத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தன் நெஞ்சில் வைத்து, நம்பாமல் கேட்டார், "நானுமா?"

"ஆமாம்" என்றேன்.